அலமாரி ஒழித்த படலம்

தூசியே, துணை நில்! மயிலைத் தெற்கு மாட வீதியின் இரண்டாம் மாடிவரை ஏறிவந்து, துடைத்த மறுநிமிடமே மறுபடியும் படிகின்ற அயராத தாயே, எந்தப் பொருளை எவர் எத்தனை காலமாகத் தொடவில்லை என்ற உண்மையை உள்ளபடி அறிந்தவள் நீ ஒருத்தியே. ஆகையால் இந்தப் பெரும்போரைப் பாடப் புகுந்த என் நாவை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் வழக்கம்போல் படிந்துகொள்.

வாழ்க சுவாமிநாதன்! மார்கழிப் பனியில் குரங்குக் குல்லாய் கவித்து ஒரே நாளில் சபா சபாவாக வலம் வந்த கால்வலியன். முன்வரிசை நாற்காலியில் கைக்குட்டை விரித்து அதைத் தன் நாடென்று அறிவித்த நிலவேந்தன். பாடகர் மூச்சை இழுக்கும்போதே 'கரகரப்ரியா' என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதில் ஓதி, பிறகு அது வேறு ராகமாக விடிந்தாலும் முகம் வாடாத திடசித்தன். சபா கேன்டீன் பந்தியில் அவியலை இரண்டாம் முறையும் கேட்டுப் பெற்ற தீரன். காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன்.

அவ்வீரனின் கோட்டையாவது, கூடத்துச் சுவரில் கண்ணாடிக் கதவு பூண்டு நின்ற தேக்கு அலமாரி. அதனுள்ளே தோடிப் படை, காம்போதிப் படை, பைரவிப் படை என ராகவாரியாக, பளிங்கு போன்ற பிளாஸ்டிக் கவசம் அணிந்து, முதுகில் 'எஸ். சுவாமிநாதன்' என்னும் சீட்டைக் கொடியெனத் தாங்கி, குறுந்தகடுகள் அணி அணியாய் நின்றன. அவை போர்முனை கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவற்றைப் பாடவைக்கும் பெட்டியோ ஒரு மழைக்காலத்தில் நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க மறந்து உயிர் நீத்தது. புதிய கணினியில் துளை இல்லை. புதிய காரிலும் இல்லை. தலைவன் தினம் காலையில் தோடி கேட்டது உண்மைதான். ஆனால் அதைக் காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு போனில்தான் கேட்டான்.

இனிப் போர் மூண்ட காரணம் கேளீர். தலைவனின் தர்மபத்தினி விஜயலக்ஷ்மி, அடையாற்றுப் பள்ளி ஒன்றில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போதித்து ஓய்வு பெற்றவள், வீணை கற்க வேண்டும் என்று இளம்பிராயத்தில் கொண்ட ஆசையை வகுத்தலுக்கும் பெருக்கலுக்கும் நடுவே எங்கும் சிந்தாமல் காத்துவைத்திருந்து, இந்த ஆவணியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு வீணையை வரவழைத்தாள். பலாமரத்துக் குடமும் யாளி முகமும் கொண்டு வந்திறங்கிய அந்த வாத்தியத்தைத் தரையில் வைத்தால் யாராவது தாண்டிவிடுவார்கள் என்று சாப்பாட்டு மேசைமேல் கிடத்தினார்கள். அன்றுமுதல் அந்தத் தம்பதியர் சமையலறை மேடையோரம் நின்றுகொண்டே சாப்பிட்டு வந்தார்கள்.

மோர்சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் இடைப்பட்ட ஒரு வேளையில், விஜயலக்ஷ்மி பிரகடனம் செய்தாள்.

"விஜயதசமி அன்னிக்கு கிளாஸ் ஆரம்பிக்கறேன். அதுக்குள்ள அந்த அலமாரியை ஒழிச்சுத் தாங்கோ. இல்லேன்னா கபாலியைக் கூப்பிட்டு எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவேன்."

எடைக்கு! அந்த ஒரு சொல் இடியென இறங்கியது. கபாலி என்பவன் மூன்று சக்கர வண்டியில் தெருத்தெருவாகப் பழைய பேப்பர் வாங்குபவன். அவன் தராசில் காம்போதியும் காலி எண்ணெய் டின்னும் ஒரே தட்டில் ஏறும். மனைவிக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லுமளவுக்குத் தலைவன் கொடியவன் அல்லன். உள்ளூர அவளுக்காகச் சந்தோஷமே பட்டான். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். இந்த மாநகரத்தில் ஒரே ஒரு ஜீவன், கேட்பதற்காக என்று சொல்லி, அவற்றை ஆசையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் தன் வாழ்நாள் ரசனைக்கே ஊரில் ஆள் இல்லை என்று ஆகிவிடும். அதைத் தாங்க அவனுக்குத் தெம்பில்லை.

ஆகவே முதற்கண் தூது புறப்பட்டான். சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் மனைவி கிளாடிஸோடு வாழும் காஸ்பர், அலுவலகத்தில் அவனோடு மேசையைப் பங்கிட்டவன், அந்தக் கோயில் பாடற்குழுவில் அடிக்குரல் கொடுப்பவன், தினமும் கடற்கரையில் உடன் நடப்பவன். அலைகள் முரசறைய, சுண்டல் வண்டிகள் இன்னும் துயில் நீங்காத அதிகாலையில், சுவாமிநாதன் தன் சேனை முழுவதையும் நட்பின் பெயரால் தானம் செய்வதாக உரைத்தான்.

"எடுத்துக்க ஆசதான் சாமி," என்றான் காஸ்பர். "ஆனா நம்ம வீட்டு கேரல் சிடி எல்லாம் கிறிஸ்மஸுக்குள்ள வெளிய போவணும்னு கிளாடிஸ் நேத்துதான் சொன்னா. நானே உன்னக் கேக்கலாம்னு இருந்தேன்."

இரு வேந்தரும் ஒருவர் பொக்கிஷத்தை மற்றவர்மேல் எறிய முயன்று, எறிந்ததைத் தடுத்து, தடுத்ததை மறுபடி எறிந்து, கலங்கரை விளக்கத்திலிருந்து திரும்பும்வரை பொருதினார்கள். யாரும் வெல்லவில்லை. இருவரும் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அதன்பின் தலைவன் ஓர் இசைப்பள்ளியின் வாயிலில் போய் நின்றான். அங்கிருந்தோர் மரியாதையாக அவனை அழைத்துச் சென்று, அவனைப்போல் முன்பே வந்தவர்கள் விட்டுச்சென்ற குறுந்தகடுகள் கூரை முட்ட நிறைந்த ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். திருவான்மியூரில் இருக்கும் அவன் ஒன்றுவிட்ட தங்கை ஸ்ரீரஞ்சனி மட்டும் போனில் ஆவலோடு கேட்டாள். எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பால்கனியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளபளத்துப் புறாவே அண்டாதாமே என்றாள். அவன் அவளிடம் அதற்குப்பின் இரண்டு நாள் பேசவில்லை.

அப்போதுதான் நவராத்திரி வந்தது, தலைவன் நெஞ்சில் சூழ்ச்சியும் வந்தது. கொலு பார்க்க வரும் மாதரசிகளுக்கு விஜயலக்ஷ்மி வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துக் கொடுப்பதற்காகத் தாம்பூலப் பைகளை உள்ளறையில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். கூடத்தில் பாட்டும் சிரிப்பும் பட்டுப்புடவைச் சலசலப்பும் பொங்கிய தருணத்தில், இரையைக் கண்ட பல்லியைப்போல் அவன் சுவரோரமாக நகர்ந்து, பைக்கு ஒரு குறுந்தகடாகத் தேங்காய்க்கு அடியில் செருகினான். இதற்கு முன்பே ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தேங்காயெண்ணெய் தடவி, தன் பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தான். சுவாமிநாதன் சேகரிப்பைத் தள்ளிவிடுகிறான் என்று ஊர் பேசக்கூடாதல்லவா. காம்போதி மந்தைவெளிக்குப் போனது. பைரவி ராயப்பேட்டைக்குப் போனது. தோடிகள் திசைக்கொன்றாகப் பறந்தன. நாலைந்து நாட்களில் அலமாரியின் மேல்தட்டுகள் வெறிச்சென்று ஆயின. தலைவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, எல்லோர் வீட்டிலும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்பினான்.

அந்தோ, ஆண்மக்கள் அறியாத சட்டம் ஒன்று அந்நாட்டில் உண்டு! நவராத்திரியில் கைமாறும் ரவிக்கைத் துணி தைப்பதற்காகப் பிறந்ததன்று. அடுத்த வீட்டுக்குப் போவதற்காகப் பிறந்தது. அப்படிச் சுற்றிவரும் துணி, தப்பித்தவறிக் கொடுத்தவள் கைக்கே திரும்பிப் போய்விட்டால் இரண்டு குடும்பங்கள் அடுத்த கொலுவரை பேசிக்கொள்ளாது. ஆகவே மயிலைப் பெண்கள் வாங்கிவந்த துணியின் மூலையில், கொடுத்தவள் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் பொடியாக எழுதிவைப்பார்கள். ஆனால் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் பென்சில் எழுதாது. முதுகில் இருந்த பெயரைத் தலைவனே எண்ணெய் போட்டு அழித்திருந்தான். யார் வீட்டிலிருந்து எது வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஆறாம் நாள் முன்னிரவில், பதில் மரியாதைக்காக நாலு வீடு போய்த் திரும்பிய விஜயலக்ஷ்மியின் பையிலிருந்து முதலில் வெளிவந்தது ஒரு தோடி. பெட்டியின் மூலை விரிசல் விட்டிருந்தது. முன்பொரு தீபாவளியன்று அதன்மேல் உட்கார்ந்து அதை உடைத்தவன் தலைவனேதான். பின்னால் காம்போதி வந்தது. பிறகு தோற்றோடிய படை ஊர் திரும்புவதுபோல் கூட்டம் கூட்டமாக வந்தன. தனியாகவும் வரவில்லை. மயிலையில் மனைவிக்கு அலமாரி ஒழித்துக் கொடுக்க வேண்டிய கணவன்மார் எல்லோருக்கும் அதே சூழ்ச்சி அதே வாரத்தில் உதித்திருந்தபடியால், யோகாசனப் பயிற்சியும், பிரிண்டருக்கான மென்பொருளும், முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் சீமந்தத்தின் இரண்டாம் பாகமும் உடன் வந்தன. கிளாடிஸ் மாடிவீட்டு நீரஜாவுக்குக் கொடுத்து, நீரஜா கொலுவுக்கென்று ஒதுக்கிய கிறிஸ்துமஸ் கீதங்களும் மஞ்சள் கிழங்கோடு வந்து சேர்ந்தன. அலமாரி முன்னைவிட நெருக்கமாக நிறைந்து, கதவு சாத்த மறுத்தது.

விஜயலக்ஷ்மி இடுப்பில் கைவைத்து நின்றாள். "போன ஆத்துலெல்லாம் எனக்கு சிடியே வெச்சுக் குடுக்கறா. ஒரு ப்ளவுஸ் பிட்கூட வரலை," என்றாள். பிறகு விரிசல் விட்ட மூலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்மாத்துதுதானே?" என்று கேட்டாள். களம் பல கண்ட வீரன் கீழே குனிந்து, கொலுவில் இருந்த செட்டியார் பொம்மையை நேராக வைத்தான்.

சரஸ்வதி பூஜையன்று அவன் கடைசி அரணையும் நாடினான். புத்தகங்களோடும் வீணையோடும் தன் படையையும் பூஜையில் அடுக்கினான். பூஜையில் வைத்ததை அன்று எவரும் தொடக்கூடாது. அன்று ஒரு பொழுது நிம்மதியாகக் கழிந்தது. மறுநாள் விடிந்தது.

விஜயதசமி! வீணை வாத்தியார் வந்துகொண்டிருப்பதாகப் போன் செய்துவிட்டார். காஸ்பர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து அலமாரியின் குறுக்குத் தட்டுகளைக் கழற்றிக் கொடுத்தான். வீதியில் மணி ஒலித்தது. கபாலி தராசேந்திய காலனென மாடியேறி வந்து, கூடமெங்கும் குவிந்திருந்த சேனையை ஒருமுறை பார்த்தான். தலைவன் தன் மார்பையே கேடயமாக்கி முன்னே நின்றான். ஆனால் அடி வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து.

"இத்த வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?" என்றான் கபாலி. "ஒருத்தனும் எடுக்க மாட்டேன்றான். பேப்பர் எதுனா கீதா?"

எதை எண்ணி அவன் அத்தனை நாள் அஞ்சினானோ, அந்தத் தராசே அவன் படையை வேண்டாம் என்றது! காம்போதிக்குக் காலி எண்ணெய் டின்னின் மதிப்பும் இல்லை. தலைவன் மோடாவில் அமர்ந்தான். அப்போது விஜயலக்ஷ்மி சமையலறைக்குள் போய், அடி வளைந்த பழைய குக்கரை எடுத்துவந்து குவியலின்மேல் வைத்தாள். கபாலியின் முகம் மலர்ந்தது. குக்கர் இருந்தால் அதோடு சேர்த்து இதையும் தூக்கிக்கொண்டு போவதில் தனக்குக் கஷ்டமில்லை என்றான்.

எல்லோரும் தலைவனைப் பார்த்தார்கள். அவனோ மனைவியைப் பார்த்தான். அவள் தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டி, இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள், முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப்போல் பயந்து நின்றாள். அவள் பயந்து அவன் பார்த்ததே இல்லை.

"எடுத்துண்டு போ கபாலி," என்றான் சுவாமிநாதன்.

பரப்பிய சேனை சாக்குகளில் இறங்கியது. மூன்று சக்கரத் தேர் மாட வீதியில் திரும்புகையில், சாக்கின் வாய்வழியே வெயில் பட்டு வானவில் ஒன்று எதிர்வீட்டுச் சுவரில் ஓடி மறைந்தது. பால்கனியில் நின்ற தலைவன் அழுதான்; கொஞ்சமாக அல்ல, நன்றாகவே அழுதான். காஸ்பர் அவன் தோளில் கைவைத்து, தன் கீதங்களும் அதே வண்டியில்தான் போகின்றன என்று ஆறுதல் சொன்னான்.

பின்பு கண்ணீரைத் துண்டால் துடைத்து, அதே துண்டால் அலமாரியையும் துடைத்து, உள்ளே கோலம் போட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு, விளக்கேற்றி, இழப்பதற்கு இனி ஒன்றுமில்லாத பெருவீரனாய் நிமிர்ந்து, தன் வாழ்நாள் செல்வமெல்லாம் கொடுத்துப் பெற்ற அந்த வெற்றிடத்தை நோக்கி, மனைவி கைகூப்ப, காஸ்பர் சிலுவைக்குறி இட, கபாலீஸ்வரர் கோயில் மணி ஒலிக்க, யாளி முகம் கிழக்கு நோக்க, இருகையாலும் வீணையைக் குழந்தையென ஏந்தி, மூச்சை அடக்கி, வலதுகாலை முன்வைத்து, சுவாமிநாதன் அதை அலமாரிக்குள் வைத்தான்.

ஆழம் பத்தாததால் வீணை உள்ளே போகவில்லை.