புகை மெத்தை திரும்பி வந்த விவரம்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை.

மரியாதைக்குரிய சம்பந்தி ஹுமாயூன் பாய் அவர்களுக்கு கமாலுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே அனைவரும் நலம். மஸ்கட்டில் தங்கள் உடல்நலமும், தாங்கள் வேலை செய்யும் ஓட்டலின் நலமும் அறிய ஆவல். போனில் சொன்னால் நடுவில் தாங்கள் பேசுவீர்கள் என்பதால், காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பெரிதாக்கிப் படிக்கவும்.

என் மகள் ஆஃபியா மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருப்பது தாங்கள் அறிந்ததே. தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, வேறு சரக்கோடு சேர்த்து, மெத்தைக்கான நுரை செய்கிறார்கள். ஜனங்கள் பயப்படாமல் அதை வாங்கும்படி எடுத்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். கல்யாணப் பரிசாகக் கம்பெனி கொடுத்த மெத்தை ராயபுரத்தில் தங்கள் வீட்டுக்கு வந்தது. சம்பந்தி அம்மா ரஹீமுன்னிசா அதில் படுத்துப் பார்த்துப் பூரித்துப்போய், அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். வந்த ஒரு பெண்மணி, "எந்தக் கடைல வாங்குனது?" என்று கேட்க, கடையில் வாங்கியதல்ல, புகைபோக்கியில் பிடித்தது என்று என் மகள் பெருமையாகச் சொல்லிவிட்டாள். சம்பந்தி அம்மா மெத்தையிலிருந்து எழுந்த வேகத்தைப் பற்றி மாப்பிள்ளை ஃபர்ஹான் இன்னும் பேசுகிறார்.

அன்று முதல் வீட்டில் யார் இருமினாலும் பழி மெத்தைக்குத்தான். மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். தட்டினால் புகை வெளியேறிவிடும் என்று யாரோ யோசனை சொல்ல, மாப்பிள்ளை கம்பெடுத்து அடித்தார். ராயபுரத்துத் தூசி கொஞ்சம் கிளம்பியது. "வருது பாரு, வருது பாரு!" என்று கூட்டம் பின்வாங்கியது. மாப்பிள்ளையும் பின்வாங்கினார்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மெத்தை மீன்பாடி வண்டியில் ஏறி எங்கள் தெருவுக்கு வந்து இறங்கியது. கல்யாண மெத்தை பெண் வீட்டுக்குத் திரும்பி வந்தால் தெரு என்ன நினைக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்காரர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் நான்கு பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். "பொண்ணு எப்ப வருது?" என்று ஒரு அம்மாள் கேட்டதும் என் மனைவி உஸ்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஆஃபியா போனை எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ராயபுரம் போனேன்.

சம்பந்தி அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"பொண்ண யாருண்ணே அனுப்புனா? அது எங்கூட்டு பொண்ணு. பொகையத்தான் அனுப்புனேன்" என்று சொல்லி டீ வைத்தார். பிறகு அடுப்படியிலிருந்தே பேசினார். "இந்தப் பொகையிலதாண்ணே பொறந்து வளந்தேன். எங்கம்மா இருமிகினே மவுத்தாயிட்டாங்க. துணி காயப்போட்டா கரி. இத்தினி வருசம் மூக்குல வாங்குனது பத்தாதுன்னு இப்ப முதுகுலயும் வாங்கிக்கணுமா?"

அதற்குள் ஆஃபியா வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். இம்மாதிரிக் கேள்விகளுக்கு அவள் கைப்பையில் வண்ணப்படம் போட்ட பதில்கள் உண்டு. அன்று அவள் பையைத் திறக்கவில்லை.

"மெத்தைல இருக்கறது வெளிய வராது மாமி. அது வேற பொருளா மாறிப்போச்சு. ஆனா..."

"ஆனா இன்னா?"

"நாங்க புடிக்கிறது கொஞ்சம்தான். மீதி எப்பவும் போல மேலதான் போவுது. நீங்க சொல்ற கரியும் அப்டியேதான் கீது. அதுக்கு இந்த மெத்தை ஒண்ணும் பண்ணாது."

சம்பந்தி அம்மா டீயை வடிகட்டுவதை நிறுத்தினார். "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? எல்லாம் நல்லது நல்லதுன்னே சொல்லிகினு இருந்தே. அப்டி சொல்லிகினு வந்தவங்கள நாங்க நெறைய பாத்துட்டோம்."

"சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன் மாமி."

"அடங்குன பொகையோட எனக்கு இன்னாடி சண்டை? மெத்தைய எத்துகினு வரச் சொல்லு. உங்க மேனேஜரையும் ஒரு நாள் இட்டுகினு வா. மீதியப் பத்தி நான் கேக்கணும்."

ஆஃபியா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நான் டீயைக் குடித்தேன். மேனேஜர் இன்னும் வரவில்லை, தேதி பார்க்கிறாராம்.

ஆகவே தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. நாளைக் காலை அதே வண்டியில் மெத்தை தங்கள் வீட்டுக்குப் புறப்படுகிறது. இரண்டு வீட்டாருக்கும் இறைவன் நல்ல மூச்சையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். உஸ்மா சலாம் சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்புள்ள,
கமாலுதீன்

பி.கு.: சலாம் சொன்ன கையோடு உஸ்மா வண்டிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மழை வரும்போல் இருந்ததால் மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டது என் தவறு. செவ்வாய் முதல் அவளுக்கு இடுப்பு வலி இல்லை, எனக்கும் இல்லை. மெத்தையில் புகை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாகச் சம்பந்தி அம்மாவிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்.