'ஒரு செகண்டு' அண்ணனின் கண்ணாடி

பினாங்குத் தீவிலேயே பெரிய அவசரக்காரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் தொழிற்சாலையின் 'ஒரு செகண்டு' அண்ணன். அவ்வளவு அவசரப்பட்டும் வாழ்நாளில் எதற்குமே நேரத்துக்குப் போய்ச் சேராதவரும் அவர்தான்.

பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை அது. அவர் இயந்திரம் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். நான் மனிதவளப் பிரிவில் கிளார்க். மற்றவர்கள் "ஒரு செகண்டு லா" என்றால் அரை மணி நேரம் என்று அர்த்தம். அவர் சொன்னால் ஒரு செகண்டுதான். அதற்குள் ஆள் இருக்க மாட்டார். சைரன் அடித்திருக்கும்.

சைரன் அவருடைய கைபேசியில் இருந்தது. வானத்தில் எங்காவது காமாக் கதிர் வெடிப்பு நடந்தால், அதைக் கண்டுபிடிக்கும் விண்கலம் உலகத்துக்கெல்லாம் தகவல் சொல்லும். உலகம் என்றால் விஞ்ஞானிகளும் எங்கள் அண்ணனும். மேனேஜர் பாதுகாப்பு விதிகளை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தரம் அது அலறியது. தீ என்று நினைத்து எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினோம். மேனேஜர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் அங்கே மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"எங்கயோ ஒரு பெரிய நட்சத்திரம் செத்துப்போச்சு தம்பி. நம்ம சூரியன் ஆயுசு முழுக்க எரிஞ்சு குடுக்குறத, அது சில செகண்டுல கொட்டிட்டுப் போயிருச்சு."

"அதான் விண்கலம் பாத்திருச்சுல்ல?"

"எங்க பாத்துச்சு? கதிர் வந்தது மட்டும்தான் தெரியும். வெளிச்சத்தப் பாக்கணும்னா டெலஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பணும். மொத்த விண்கலமும் லோரி மாதிரி மெதுவா திரும்பும். ஒரு நிமிசம் ஆயிரும். முதல் வெளிச்சம் போயிரும். சாகும்போது கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்க ஓடுறோம், போய்ச் சேர்றப்ப பொணத்தையே எடுத்துட்டாங்க லா."

இப்படிப் பேசுகிறவரிடம் என் கல்யாண வீடியோவை ஒப்படைத்தது என் தவறு. தண்ணீர்மலைக் கோயிலில் நான் தாலியைக் கையில் எடுத்த நேரம், சைரன். இன்றும் எங்கள் வீடியோவில் கெட்டிமேளம் கேட்கும். படத்தில் மேகம்தான் தெரியும்.

"பகல்ல ஒண்ணும் தெரியாதேண்ணே!" என்று கத்தினேன்.

"தெரியாதுதான். அதுக்காக முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறதா?"

என் மனைவி அவரோடு ஒரு வருடம் பேசவில்லை.

அவரிடம் ஒரு தீர்வு இருந்தது. என் மோட்டார்சைக்கிளின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு விளக்கினார். "பின்னால வர்ற லோரியப் பாக்க வண்டியவே திருப்புவியா? கண்ணாடியத்தான பாப்ப? விண்கலம் பாட்டுக்கு இருக்கட்டும். உள்ள ஒரு சின்னக் கண்ணாடியத் திருப்பி வெளிச்சத்த டெலஸ்கோப்புக்குள்ள விட்டா ஒரு செகண்டு போதும்."

விளக்கம் பிரமாதம். கண்ணாடியைத் திரும்ப மாட்டத்தான் மறந்துவிட்டார். மாலையில் ஜெலுத்தோங் சாலையில் போலீஸ்காரர் எனக்கு அபராதச் சம்மன் எழுதினார்.

வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கும் இதே யோசனை முன்பே வந்துவிட்டது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "இதுலயும் லேட்டா தம்பி?" என்றார்.

மூன்றாம் நாள் எழுந்து, சிறிய விண்கலம் ஒன்று செய்துகொண்டிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் போய் அழையாமல் நின்றார். கையில் டிப்ளோமாகூடக் கிடையாது. ஆனால் அங்கிருந்த பேராசிரியை, அண்ணன் தானே செய்து எடுத்துப்போன கண்ணாடி திரும்பும் வேகத்தைப் பார்த்துவிட்டு அவரைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த மூன்று ஆண்டு மாலைகள் எல்லாம் அதற்கே போயின. குளிரில் கண்ணாடி திரும்புகிறதா என்று முதலில் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் சோதனை. "கண்ணாடிக்கு எடம் வேணும்னு என் மீனையெல்லாம் எடுத்து வெளிய வச்சிட்டாரு தம்பி," என்று அவர் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

அண்ணன் கண்ணாடி பொருத்திய விண்கலத்தோடு ராக்கெட் நல்லபடியாக ஏறியது. கேண்டினில் எல்லோரும் கைதட்டினோம். ஐந்தாம் நாள் காலை விண்கலத்திலிருந்து சிறு செய்தி ஒன்று வந்தது. வெடிப்பு ஒன்று நடந்திருக்கிறது, கண்ணாடி ஒரு செகண்டுக்குள் திரும்பியிருக்கிறது, படம் எடுத்தாகிவிட்டது. படம் பெரியது என்பதால், மாலை ஆறு மணிக்கு விண்கலம் நம் தலைக்கு மேல் வரும்போதுதான் அதை இறக்க முடியும்.

ஐந்தரைக்கே நாங்கள் பல்கலைக்கழக மொட்டைமாடியில் ஆன்டெனா பக்கத்தில் நின்றோம். அண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தார்.

ஆறு மணி ஆனது. இரைச்சல் மட்டும் வந்தது. ஆறு பத்துக்கும் இரைச்சல்தான். பேராசிரியை காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். "பேட்டரி போயிருச்சுன்னு நெனைக்கிறேன் அண்ணே," என்றார். அண்ணன் அந்த ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். இருட்டும்வரை கழற்றவில்லை.

அதற்குப் பிறகு விண்கலம் வாய் திறக்கவே இல்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும், அது தலைக்கு மேல் போகும் நேரத்தில் அவர் வேலையை விட்டு வெளியே வந்து நிற்பார். "அது பாத்திருச்சு தம்பி. யாரும் பாக்காதத அது பாத்திருச்சு. நம்ம மேலதான் சுத்துது, சொல்லத்தான் மாட்டேங்குது," என்பார். கேலி செய்தவர்கள் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

போன மாதம் விண்கலம் காற்று மண்டலத்துக்குள் இறங்கி எரிந்துபோனது. படமும் அதோடு போயிற்று. மறுநாள் என் மேஜைக்கு அண்ணனின் விடுப்புப் படிவம் வந்தது. காரணம்: குடும்பத்தில் துக்கம். உறவுமுறை என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விதிப்படி நான் அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். 'பிள்ளை' என்று நானே எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

அவர் பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு என்ன வயசு?"

"ரெண்டு வருசம், சார்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

நானும் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, துக்கம் கேட்க அண்ணன் வீட்டுக்குப் போனேன்.