ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

"நம்ம வூட்டுல ஒருத்தருக்கும் பொறந்த தேதி தெரியாது. நீ போயி ஊருக்கே தேதி சொல்லப் போறியா?"

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் எனக்கு வேலை கிடைத்த அன்று என் அத்தை கேட்டது இது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. களமருதூரில் எங்களுக்கு எதிர் வீடு. கேள்வியில் பாதி கேலி, பாதி நியாயம். கேலி மட்டும்தான் என் காதில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆளும் நான்தான். (அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் மாட்டிக்கொண்டு போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.)

தினமும் காலை ஏழரை மணிக்கு இரண்டு நிமிட நிகழ்ச்சி என் பொறுப்பு. பெயர் 'அன்று இதே நாள்'. எந்த ஊரில் எந்த வருடம் இதே நாளில் வானொலி தொடங்கியது, எந்த நாட்டில் முதல் தொலைக்காட்சிப் பெட்டி கடைக்கு வந்தது, எந்தப் பாடகர் பிறந்தார், யார் மறைந்தார் என்று தேடி எழுதி வாசிக்க வேண்டும். மூன்று மாதம் தற்காலிகம். ஜூன் முதல் வாரத்தில் நிரந்தரமா இல்லையா என்று நிலைய மேலாளர் சொல்வார். இல்லை என்றால் நான் களமருதூருக்குத் திரும்ப வேண்டும். கரும்புக் கழனியில் வேலை கிடைக்கும். அது பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் தினமும் எதிர் வீட்டில் அத்தை இருப்பார்.

முதல் மாதம் வெளிநாட்டுப் பிறந்த நாள்களாக வாசித்துத் தள்ளினேன். மேலாளர் சென்னைக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு நாள், "நம்ம ஊர் ஆளுங்க யாரும் பிறக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் என் ஆராய்ச்சி தொடங்கியது. மாவட்டத்தில் பாடுகிற, வாசிக்கிற எல்லாருடைய பிறந்த தேதியையும் திரட்டுவது என்று முடிவு செய்தேன். மெல்லிசைக் குழுப் பாடகர்கள், நாதஸ்வரக்காரர்கள், பம்பை அடிப்பவர்கள், கூத்துக்காரர்கள், சர்ச் பாடகர் குழுவினர் என்று ஒருவரையும் விடவில்லை. வாய்ச்சொல்லை நம்பக்கூடாது என்பது என் கொள்கை. ஆதார் நகல் அல்லது பள்ளிச் சான்றிதழ் நகல் கொடுத்தால்தான் பெயரைப் பதிவேன். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எழுபது நகல்கள் சேர்த்தேன். தாளில் இருப்பது பொய்யாகாது என்று நான் நினைத்த காலம் அது. வீட்டில் தாள் படிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு அப்படித்தான் தோன்றும்.

கணினியில் ஏற்றித் தேதி வாரியாக அடுக்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுபது பேரில் முப்பத்தொன்பது பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள்.

கொஞ்சம் நிதானம் உள்ளவர்கள் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் ஒரு கோட்பாட்டை உருவாக்கினேன். ஜூன் ஒன்று என்றால் வைகாசி. வைகாசியில் காற்று காய்ந்திருக்கும். காய்ந்த காற்றில் முதல் மூச்சு விடும் குழந்தைக்குக் குரல்வளை திறந்துகொள்ளும். ஆகவே நம் மண்ணில் இசைக்கலைஞர்கள் வைகாசியில் பிறக்கிறார்கள். இதை இரண்டு பக்கம் தட்டச்சு செய்து, அடிக்குறிப்புகளுடன், மேலாளர் மேசையில் வைத்தேன். (அடிக்குறிப்புகளும் நானே எழுதியவைதான்.)

அவர் படித்தார். "சுவாரசியமா இருக்கு" என்றார். ஜூன் ஒன்றாம் தேதி காலையில் ஒரு மணி நேர நேரலை ஒதுக்கினார். கல்லூரித் தாளாளரும் அன்று கேட்பார், அது முடிந்ததும் என் வேலையைப் பற்றி முடிவு சொல்லலாம் என்றார். அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்து, மறக்காமல் கேட்கச் சொன்னேன். அத்தையையும் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன்.

சிறப்பு விருந்தினர் எலவனாசூர்கோட்டை கோவிந்தன் ஐயா. நாற்பது வருடமாகத் திருவிழா மேடைகளில் பாடுகிற மெல்லிசைப் பாடகர். வெள்ளைச் சட்டையும் பவுடருமாக வந்தார். கேக் வாங்கி வைத்திருந்தேன். மைக் சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் பதிவில் இருக்கிறது: "தேதி இல்லாமல் வரலாறு இல்லை, சான்று இல்லாமல் தேதி இல்லை." பிறகு என் வைகாசிக் கோட்பாட்டை ஏழு நிமிடம் விளக்கினேன். ஐயா கேக்கைப் பார்த்தபடி பொறுமையாகத் தலையாட்டினார்.

நேயர்களை அழைக்கச் சொன்னேன். முதல் அழைப்பு தியாகதுருகத்திலிருந்து.

"எனக்கும் இன்னிக்கித்தாம்மா பொறந்த நாளு."

"வாழ்த்துகள் ஐயா. நீங்கள் பாடுவீர்களா, வாசிப்பீர்களா?"

"மைக் செட்டு கட்டுவேன்."

ஒலித்துறைதானே, கோட்பாட்டுக்குள் அடங்கும் என்று நேயர்களுக்கு விளக்கினேன். அடுத்தவர் டிராக்டர் ஓட்டுபவர்.

"எங்க வூட்ல நாலு பேருங்க. நானு, எங்கூட்டுக்காரி, தம்பி, மச்சான். எல்லாருக்கும் இன்னிக்கித்தான்."

"குடும்பத்தோடு பாடுவீர்களா?"

"பாட்டா? எங்க மச்சான் பேசனாலே மாடு மெரளும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் எழுந்து நின்றார். நான் விடவில்லை. "இதற்கு உங்களிடம் சான்று உண்டா?" என்று வக்கீல் மாதிரி கேட்டேன்.

"டிசி இருக்குது, ஆதார் இருக்குது, இன்னா வோணும்? கொண்டாந்து காட்டட்டா?"

இணைப்பு போனதும் கோவிந்தன் ஐயா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மேடையில் நாற்பது வருடம் மைக் பிடித்த கை. தடுக்க முடியவில்லை.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. பள்ளிக்கூடத்துல சேக்கச்சொல்ல எங்கம்மாவுக்குத் தேதி தெரியல. ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்குது, அஞ்சு வயசு ஆயிருக்கணும். வாத்தியாரு அவரே ஒண்ணு போட்டுக்கினாரு. என் க்ளாஸ்ல பாதிப் பேரு ஜூன் ஒண்ணுதான். எங்கூட படிச்சவன்ல என்னைத் தவிர எவனுக்கும் பாட்டு வராது."

"அப்படியானால் நீங்கள் உண்மையில் எப்போது பிறந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்த மூணாம் நாளு. கம்பத்துல கட்டன கொழாயில செய்தி படிக்கச்சொல்ல நான் அழுதேனாம். ரேடியோவ நிறுத்து, புள்ள அழுவுதுன்னு யாரோ சொன்னாங்களாம். புள்ளைய நிறுத்து, செய்தி கேக்கலன்னாராம் எங்க தாத்தா."

இத்தோடு முடிந்திருந்தால் தவறு வாத்தியார்களுடையது என்று நான் தப்பித்திருப்பேன். இன்னொரு அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வணக்கம்ங்க. களமருதூர்லருந்து பேசறேங்க."

என் அப்பா. பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிடுகிறவர், வானொலி என்பதற்காக எனக்கு மரியாதை கொடுத்தார்.

"சொல்லுங்கள்" என்றேன்.

"எனக்கும் ஜூன் ஒண்ணுதாங்க. ஆனா எனக்கு வாத்தியாரு யாரும் எழுதலீங்க, நான் பள்ளிக்கூடம் போனதில்ல. பேங்கு ஃபாரத்துல நீங்கதான் எழுதனீங்க. ஆறாவது படிக்கச்சொல்ல."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வங்கி மேசை, நூலில் கட்டிய பேனா, தேதிக்கு எட்டுக் கட்டங்கள். 'ஒனக்குத் தெரிஞ்சத எழுதும்மா' என்று அப்பா சொன்னது. கட்டங்களைக் காலியாக விட எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளி திறக்கும் நாள் நினைவில் இருந்தது, எழுதினேன். பிறகு அதை வைத்துத்தான் ஆதார், அதை வைத்துத்தான் மற்ற எல்லாம். சான்று இல்லாமல் தேதி இல்லை என்று சொன்னவளே அந்தச் சான்றைத் தயாரித்தவள்.

"நல்லா எழுதனீங்க. ஒரு அடித்தல் இல்ல" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பின்னால் அத்தையின் சிரிப்பு கேட்டது. மாவட்டம் முழுக்கக் கேட்டது.

மேலாளர் ஒரு பாட்டைப் போட்டார். கோவிந்தன் ஐயா, "கேக்க வெட்டலாமா?" என்று கேட்டார்.

அன்று மதியம் என்னைக் கூப்பிட்டு, நிரந்தரம் இல்லை என்றார் மேலாளர். வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. நிலையம் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனை அழைப்புகள் வந்ததில்லையாம். இன்னும் மூன்று மாதம் தற்காலிகம். அடிக்குறிப்புகளைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வீட்டில் அது இன்னும் ஓயவில்லை. யார் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அத்தை சொல்வார்: "எதிர் வூட்டுல குடு. அவ எழுதனா அன்னிக்கித்தான் நீ பொறந்த." எங்கள் தெருவில் குழந்தை பிறந்தால், 'அது பொறந்துடுச்சா, இல்ல நீ இன்னும் எழுதலையா?' என்று என்னைக் கேட்கிறார்கள். அடுத்த ஜூன் ஒன்றுக்கு அப்பா இப்போதே புதுச்சட்டை எடுத்து வைத்திருக்கிறார்.

ஒரு நாள் அத்தையிடமே கேட்டேன். "அப்பா பொறந்த அன்னிக்கி ஊர்ல இன்னா நடந்துச்சு?"

அத்தை யோசிக்கவே இல்லை. "பஞ்சாயத்து ரேடியோ ரிப்பேரு. ஊரே கம்முனு இருந்துச்சு. ஒங்கப்பன் ஒருத்தந்தான் கத்திக்கினு இருந்தான்."

ஒரு புது நோட்டு வாங்கினேன். தேதி என்று அச்சடித்திருந்த இடத்தை அடித்துவிட்டு, 'அன்று ஊரில்' என்று எழுதினேன். முதல் பக்கத்தில் அப்பா. அதைப் போன திங்கட்கிழமை நிகழ்ச்சியில் வாசித்துவிட்டேன்.

நேற்று ஒலிப்பதிவுக் கருவியோடு வெள்ளிமலை பஸ்ஸில் கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு அக்கா. பிறந்த நாள் தெரியாது, ஆனால் வயதுக்கு வந்த நாள் தெரியும் என்றார். அன்றுதான் அவர்கள் ஊருக்கு முதல் டிவி வந்ததாம். அவரைத் தனிக் குடிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்க டிவிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தது. அவருக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாருக்கும் அது டிவி. எனக்கு ரேடியோதான்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். சான்று கேட்கவில்லை.