தொடாதே, முகராதே, திருப்பிப் பார்க்காதே

ஆம்பூர்,
திங்கட்கிழமை சாயங்காலம்.

நோயாளிகளிடம் பொறுமையும் சித்தப்பாவிடம் கடுமையும் காட்டும் என் அண்ணன் மகள் ஜெனிஃபாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் சித்தி பெர்சிஸ், பேரன் ஜெஸ்டன் மூவரும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை, அது யாரையும் விசாரிக்கவும் இல்லை. வேலூரில் நீயும், உன் வார்டும், அடுத்த மாதம் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் துணிந்திருக்கும் ஜோவினும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கியதும் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் பதினேழு நிமிஷம் ஓடுகிறது என்று கோபித்துக்கொண்டு, ‘டூட்டில இருக்கேன் சித்தப்பா, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க’ என்று உத்தரவு போட்டாய். எழுதுகிறேன். பேசினால் பதினேழு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

முதலில் பிரயாணத்தின் காரணத்தை, உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், சரித்திரத்துக்காகப் பதிவு செய்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் ஜெஸ்டனின் ஞானஸ்நானத்தன்று ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் தங்கை, உன் அத்தை தேவகிருபை, தோளில் ஒரு பை மாட்டியிருந்தாள். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஜான்சன் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததாம். முப்பத்தொரு வருஷம் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேஜையில் நின்று, உலகத்தில் இதுவரை செத்த ஆடுகளில் பாதியைத் திருப்பிப் பார்த்தவன் நான். என் கை என்னைக் கேட்டா போகிறது? அது பாட்டுக்குப் போய்ப் பையைத் தொட்டது, மூக்கருகே கொண்டுவந்தது, உள்பக்கம் திருப்பியது. வாயும் அது பாட்டுக்கு, ‘தங்கச்சி, இது ரெக்ஸின். இதுக்காக ஒரு ஆடும் சாவல, நிம்மதியா இரு’ என்றது. நாற்பது பேர்தான் கேட்டார்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அதை நானூறு ஆக்கிவிட்டீர்கள். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டியவள், நாலு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தும் பெர்சிஸுக்கு மட்டும்தான் வரும்.

இதில் நடுவே நீ. என் அண்ணன் போன பிறகு உன்னை நர்ஸ் படிப்பில் சேர்த்து, விடுதியில் கொண்டுபோய் விட்டு, வாரா வாரம் போன் போட்டு ஆளாக்கியவள் அவள்தான். ‘அத்தை வந்து நிக்காம ஆல்டர் வரைக்கும் நடக்கமாட்டேன், ஜோவின் அங்கயே நிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டாய். உன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகப்போகிறவன் நான். கோட்டும் தைத்தாகிவிட்டது. அத்தை வராவிட்டால் நீ நடக்கமாட்டாய், நீ நடக்காவிட்டால் நானும் என் கோட்டும் வாசலோடு நிற்கவேண்டியதுதான். ஆகவே வெள்ளி போய்த் திங்கள் திரும்பும்படி என்னைத் தூது அனுப்பினாய். மோசஸ் என்று பெயர் வைத்த பாவத்துக்கு எனக்கும் கட்டளைகள் வந்தன. பத்து அல்ல, மூன்று. கற்பலகையில் அல்ல, வாட்ஸ்அப்பில். அத்தை வீட்டில் எதையும் தொடாதே, முகராதே, திருப்பிப் பார்க்காதே.

வெறும் கையோடு போவது ஆம்பூருக்கு அழகல்ல. உன் அத்தைக்கு முப்பத்தேழாம் நம்பர் கால். ஊர் உலகத்துக்கு அது ஒரு நம்பர். நமக்கு அது வரப்பிரசாதம், ஏனென்றால் லேடீஸ் ஷூ சாம்பிள் எல்லாம் அந்த அளவில்தான் தைப்பார்கள். சாம்பிள் சைஸ் கால் உள்ள பெண்மணி ஆம்பூரில் மகாராணி. கம்பெனி சாம்பிள் ரூமில் இருக்கும் நம் ஆபித் பாஷாவிடம் போய் நின்றேன். ‘தங்கச்சிக்குத்தானே? பேஜாரே வாணாம் தோஸ்த், ஜெர்மனிக்குப் போற மாடல் தர்றேன்’ என்று மெரூன் நிறத்தில் ஒரு கட் ஷூவை டப்பாவில் போட்டு ரிப்பனும் கட்டிவிட்டார். ரிப்பனை அவிழ்த்துப் பார்க்க விரல் துடித்தது. ஆனால் உன் மூன்று கட்டளைகளுக்கும் வியாழக்கிழமையே பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்று கையைக் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் திருப்பிப் பார்க்காமல் வாங்கிய முதல் சரக்கு அது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் உன்மேல் குற்றம் சாட்டும்போது தேவைப்படும்.

சென்னை விமான நிலையத்தில் விரதம் கலைந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. பாதுகாப்புச் சோதனை என்று சொல்லி எல்லாரும் பெல்ட்டையும் பர்ஸையும் கைப்பையையும் கழற்றித் தட்டில் வைக்க, அந்தத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ரப்பர் பட்டையில் என் முன்னால் வந்து நிற்கின்றன. இதைவிட ஒரு மனிதனைச் சோதிக்க முடியுமா? முப்பத்தொரு வருஷம் இப்படித்தானே என் மேஜைக்கு வந்தது! கண் மூடித் திறப்பதற்குள் மாட்டுத் தோல் பெல்ட்டுகள் ஒரு பக்கம், உண்ணி கடித்த தழும்பும் முள் கீறலும் உள்ளவை இன்னொரு பக்கம், ரெக்ஸின் எல்லாம் ரிஜெக்‌ஷன் என்று கடைசியில், மூன்று வரிசையாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். அதற்குள் விமானம் பிடிக்கவேண்டிய அறுபது பேர் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு தங்கள் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிப்பாய் வந்து இந்தியில் அதட்டினார். நான் ஆம்பூர் உருதுவில் விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. கடைசியில் அவருடைய பெல்ட்டை எட்ட நின்றே பார்த்து, அசல் எருமை, பத்து வருஷம் உழைக்கும் என்று சொன்ன பிறகுதான் விட்டார். அந்த விமானத்தில் என்னோடு பேச ஒருவரும் விரும்பவில்லை.

சிங்கப்பூரில் ஜான்சன் மாப்பிள்ளை வந்து அழைத்துப்போனார். ஊர் சுத்தமாக இருக்கிறது. அவ்வளவு சுத்தமாக இருந்தால் மனுஷன் எங்கே நிற்பது என்று ஒரு கூச்சம் வருகிறது. பதினோராவது மாடியில் வீடு. கதவைத் திறந்ததும் திடுக்கிட்டேன். சோபாவின்மேல் பெட்ஷீட், நாற்காலிகள்மேல் பெட்ஷீட், மாப்பிள்ளையின் ஆபீஸ் பைக்குத் தலையணை உறை. பெரிய வெள்ளியன்று பீடத்தை மூடி வைப்பதுபோல் வீடு முழுக்க மூடியிருந்தது. யார் தவறிவிட்டார் என்று பதறிக் கேட்டேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, ‘உங்களுக்காகத்தான் மச்சான்’ என்றார். அவள் சிங்கப்பூரில் குடியேறிய இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தங்கை வீட்டுக்கு வருகிற அண்ணனுக்கு இப்படி ஒரு ராஜ மரியாதை.

உன் அத்தை சமையலறை வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள், கண்ணாடி புதிது. என்னைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, ‘வந்தவர கை கழுவச் சொல்லுங்க’ என்றாள். அன்று முழுக்க அப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு வரும் இட்லி மாப்பிள்ளை வழியாகச் சுற்றித்தான் வரும். குளிர்சாதனப் பெட்டியின்மேல் என் விஜயத்துக்கு ஒரு அட்டவணை ஒட்டியிருந்தாள். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ் அல்லவா, கிடைத்தது ரெண்டே நாள் லீவு, அதை மாத்திரைபோல் எண்ணிப் பிரித்திருந்தாள். காலை 6.30 காபி. 6.40 காபி முடிவு. ஐம்பது வரி இருக்கும். நான் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டு, பெர்சிஸுக்கு இந்தக் கொடுமையைக் காட்ட ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அட்டவணைப்படி பூங்கா பார்த்தோம், கடல் பார்த்தோம், காவேரிப்பாக்கம் ஏரியில் மூலைக்குக் காணாத ஒரு தண்ணீர்த் தேக்கத்தை அதிசயம் என்று பார்த்தோம். ஒரு பெரிய கடைவீதியில் இரண்டு பக்கமும் தோல் பைக் கடைகள். நான் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, நேராகப் பார்த்து நடந்தேன். மூன்று காவலாளிகள் பின்னாலேயே வந்தார்கள். உன் அத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் இட்லி நேராக என் தட்டுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, இன்னும் கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், அவள் எழுந்து உள்ளே போனாள். அந்தப் பையைக் கொண்டுவந்தாள். அதே பை. மேஜைமேல் என் முன்னால் வைத்தாள்.

‘தொடு. மோந்து பாரு. திருப்பிப் பாரு. இன்னான்னு சொல்லு’ என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

ஜெனிஃபா, நான் தோல் வாங்க வரும் எத்தனையோ பையர்களின் மிரட்டலைப் பார்த்தவன். முதலாளியே கெஞ்சியும் மூன்றாம் தரத்தை முதல் தரமாகப் பாஸ் பண்ணாதவன். பையைத் தொட்டேன். கைப்பிடியில் மேல்பூச்சு உரிந்து உள்ளே துணி தெரிந்தது, அதன்மேல் அவள் நெயில் பாலிஷ் தடவி மறைத்திருந்தாள். முகர்ந்தேன். பிளாஸ்டிக் வாளி வாசனை. எதிரே ஜான்சன் மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் பார்க்க நிற்பவர்போல் நிற்கிறார். நான் பையைக் காணிக்கைத் தட்டில் வைப்பதுபோல் மெதுவாக வைத்து, கன்னுக்குட்டித் தோல், முதல் செலக்‌ஷன், அன்றைக்கு வெயிலில் என் கண் ஏமாந்துவிட்டது என்றேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கணுமே! ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று அவளிடம் சொல்லிவிட்டு, நெஞ்சு நிமிர எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

அவர் போனதும் அவள் குனிந்து, ‘பொய் சொல்றதுக்கு நாலு வருஷம் ஆச்சாண்ணா உனக்கு?’ என்றாள். ‘ரெக்ஸின்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது மாசமே உரிஞ்சிது. அவரு ஆசையா வாங்கினு வந்தாரு. நான் இன்னா உன்ன தரமா பாக்கச் சொன்னேன்?’

நான் அந்த நெயில் பாலிஷ் தெரியாதபடி கைப்பிடியைத் திருப்பி வைத்தேன். அவள் பாயசம் கொண்டுவந்து தன் கையாலேயே ஊற்றினாள். நானும் தைரியம் வந்து, ஜெனிஃபா கல்யாணத்துக்கு வருவாய் இல்லையா என்றேன். ‘பாக்கலாம்’ என்றாள். அந்தப் ‘பாக்கலாம்’ நம் குடும்பத்தில் ‘மாட்டேன்’ என்று பொருள்படும், உனக்குத் தெரியும். சரி, கடைசி ஆயுதம் என்று ஷூ டப்பாவை நீட்டினேன்.

ரிப்பனை அவிழ்த்தாள். ஒன்றை எடுத்து வலது காலில் போட்டாள், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. இன்னொன்றை எடுத்து இடது காலில் போட்டாள். போகவில்லை. திருப்பிப் பார்த்தாள். இரண்டும் வலது கால். சாம்பிள் என்றால் ஒரு கால் வெளிநாட்டுக்குப் போகும், ஒரு கால் இங்கே தங்கும் என்பது ஆம்பூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அலமாரியில் தங்கிய இரண்டு வலது காலை ஆபித் பாஷா ஜோடி சேர்த்துக் கட்டிவிட்டார். ரோமத்தைத் தொட்டே ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்று சொல்கிற நானும், உன் கட்டளைக்குக் கட்டுப்பட்டு, திருப்பிப் பார்க்காமல் கடல் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். இப்போது சொல், யார் குற்றம்?

உன் அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் சோபாவில் சாய்ந்து, பெட்ஷீட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்குக் கொண்டுவந்த தண்ணீரை மாப்பிள்ளை அவளுக்குக் கொடுத்தார். மூச்சு வந்ததும், ‘இத குடுத்த ஆளுகிட்ட எடது கால் ஒண்ணு தச்சு வைக்கச் சொல்லு. நானே வந்து போட்டுப் பாத்து வாங்கிக்கறேன். உன்ன நம்பி இனிமே ஒரு கால் கூட வாங்கமாட்டேன்’ என்றாள்.

ஆக, அத்தை வருகிறாள். நாலு வருஷத்துப் பகையை நாற்பத்தெட்டு மணி நேரத்தில், ஒரு பொய்யாலும் ஒரு வலது காலாலும் தீர்த்துவைத்தது யார் என்று உன் பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் சொல். இந்தத் தூதை நான் தவிர இந்தப் பாலாற்றங்கரையில் எவனும் முடித்திருக்க முடியாது. இந்தக் கடிதத்தை ஜான்சன் மாப்பிள்ளை கண்ணில் மட்டும் காட்டிவிடாதே.

ஜோவினுக்கு என் அன்பு, அவன் ஷூ எந்தத் தோல் என்று நான் இதுவரை கேட்கவில்லை என்பதையும் சொல். உன் கைகளின் பிரயாசத்தை ஆண்டவர் ஆசீர்வதித்து, உன் நாக்கைக் கொஞ்சம் குறைக்கவும் கிருபை செய்வாராக.

கோட்டோடு காத்திருக்கும்,
சித்தப்பா மோசஸ்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் சித்தி அந்த அட்டவணைப் போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்துவிட்டாள். அப்படியே எழுதுகிறேன். ‘ஞாயிறு 2.15 பையை முன்னால் வைப்பது. 2.20 அண்ணன் பொய் சொல்லணும். சொல்லாவிட்டால் பாயசம் இல்லை. 2.30 பாயசம். 6.00 ஜெனிஃபாவுக்குப் போன்: அண்ணன் பாஸ்.’ அதன் கீழே பொடி எழுத்தில், ‘கல்யாணத்துக்கு டிக்கெட் நவம்பரிலேயே போட்டாச்சு, அண்ணனிடம் மூச்சு விடாதே என்று ஜெனிஃபா சொன்னாள். ஒரு தடவையாவது என் வீட்டுக்கு வரட்டும்.’ இதை உன் அத்தை என் மூக்குக்கு நேரே ரெண்டு நாள் ஒட்டி வைத்திருந்தாள், நான் நாலு வரிக்குமேல் படிக்கமாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. முப்பத்தொரு வருஷம் ஊசித் துளையைக்கூட விடாதவன், அத்தையையும் மருமகளையும் திருப்பிப் பார்க்காமல் முதல் தரம் என்று பாஸ் பண்ணிவிட்டேன். ஆனால் ஒன்று. அட்டவணையை மேலிருந்து கீழ்வரை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் அத்தை சிரித்தது அதில் இல்லை. அது மட்டும் என் சரக்கு.