பள்ளத்தெருச் சட்டிப்படை வாக்குச்சாவடி மேல் சென்ற போர்

வாழ்க! சும்மாடே மணிமுடியாக, கலவைச் சட்டியே வெண்கொற்றக் குடையாக, கட்டடச் சாரத்தின் உச்சிவரை நாள்தோறும் ஏறியிறங்கும் வெயில்வெல் வீராங்கனை, ஒருமுறை அதட்டினால் கலவை எந்திரமும் திடுக்கிட்டு எதிர்ப்புறம் சுற்றும் என்று ஊரார் அஞ்சிச் சைரனக்கா எனப் பட்டம் சூட்டிய சித்தாள் திலகம் வாழ்க!

போருக்கு மூலம் ஒரு சாக்கடை. மேட்டுத்தெரு மாடிகளில் பிறந்து, அங்கே அழகிய மூடிகளுக்கடியில் அடக்கமாக நடந்து, பள்ளத்தெருவில் ஆடை களைந்து அலறிப் பாயும் அந்தக் கரும்புனல் நதியில், கொத்தனார் குலக்கொழுந்தாகிய அவள் கணவன் ஓர் இருட்டு வேளையில் கால் விட்டான். கணுக்கால் முறிந்து கட்டிலில் கிடந்தான். நீதி கேட்டுக் கிளம்பிய சைரனக்காவுக்குக் கவுன்சிலர் பெருமான் வாய்மலர்ந்தருளினார்:

"உன் தெருவுல ஆளுங்க ஜாஸ்தி, ஓட்டு கம்மிம்மா. மேட்டுத்தெருவுல வாக்கிங் போறப்பவே போட்டுட்டு வந்துடறாங்க. நான் யாருக்கு மூடி போடுவேன், நீயே சொல்லு?"

கணக்கு மெய்தான். மேட்டுத்தெருவிலோ, ஓய்வு பெற்று, சொந்த வீட்டில் வேரூன்றி, பொழுதை எங்கே கொட்டுவதென்று தவிக்கும் பெரியோர்; வாக்குச்சாவடியில் அவர்களுக்கு மின்விசிறி சுழலும் மூன்று அறைகள். பள்ளத்தெருவிலோ, வீட்டுக்காரன் விரட்டுந்தோறும் பெட்டி தூக்கி, பெயரைப் பழைய முகவரியிலேயே தொலைத்துவிட்டு வந்த வாலிபர் பாதி, விடுமுறை என்ற சொல்லைக் காதால் கேட்டிராத கூலிகள் மீதி. எஞ்சிய அத்தனை பேருக்கும் ஓர் அறை. இதற்குப் படித்தவர்கள் வைத்த பெயர் அக்கறையின்மை.

சைரனக்கா சும்மாட்டை உதறிச் சூளுரைத்தாள்: "இந்தவாட்டி தெரு மொத்தமும் போய் நிக்கணும். எவன் வரலியோ அவன் வீட்டு வாசல்ல நின்னு விடிய விடியக் கத்துவேன்!"

சாவுக்கஞ்சா மறவரும் இதற்கு அஞ்சினர். தேர்தலன்று மாலை, வேலைத்தளத்திலிருந்து நேராக, சிமென்ட் தூசியே வெண்ணீறாக, ஹெல்மெட்டும் சட்டியும் தூக்குவாளியும் படைக்கலமாகப் புறப்பட்ட சேனை பள்ளிக்கூட வாசலுள் புகுந்ததும் தரை அதிர்ந்தது. மூன்று அறைகளில் மதியம் முதலே ஆளின்றி உறங்கிய அதிகாரிகள் ஒரு கண் திறந்து, தங்களுக்கில்லை என்று கண்டு, மீண்டும் மூடினர். நான்காம் அறையின் முன்னோ வரிசை நகரவில்லை. மேற்கு வெயில் ஈட்டி எறிந்தது. காலை முதல் சாரம் ஏறிய கால்கள் கெஞ்சின.

அங்கேதான் விதி விளையாடியது. பள்ளத்தெருக் குழாயடியில் தண்ணீர் எப்போது வருமென்று தண்ணீருக்கே தெரியாதாகையால், ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். பிறர் குடத்தைப் பரம எதிரியும் நகர்த்தான். அந்த அறத்தை நம்பி, படைத்தலைவியே முதலில் தன் சட்டியை வரிசையில் நாட்டினாள். "இப்பிடி வெச்சிட்டு வாங்க, செத்த நெழல்ல உக்காருவோம்" என்றாள். சட்டிக்குப் பின் சட்டி, வாளிக்குப் பின் வாளி. சேனை கேட்டுக்கு வெளியே மதில் நிழலில் கால் நீட்டியது.

வாக்களிக்கும் நேரம் முடிந்தது; முன்னே நின்றவர்களும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்நேரம் வரிசையில் நிற்பவர்க்கு மட்டும் உள்ளே போகச் சீட்டுக் கொடுக்க வெளியே வந்த அதிகாரி, வாய்பிளந்து நின்ற பாத்திரப் பெரும்படையைக் கண்டு தாமும் வாய்பிளந்தார். "ஆளே இல்லியேய்யா. கேட்டைச் சாத்து."

இரும்பு கிறீச்சிட்டது! பாய்ந்தாள் சைரனக்கா, கன்றைப் பறிகொடுத்த காட்டெருமையென. மூடும் கதவிடையே செருப்பறுந்த ஒற்றைக்காலை ஊன்றினாள்.

"சார்! நாங்க வரிசையிலதான் இருக்கோம். அதோ பாருங்க எங்க சட்டி!"

"சட்டிக்கெல்லாம் ஓட்டு கெடையாதும்மா."

"எங்க கொழாயடியில வந்து இதச் சொல்லுங்க பாப்போம்!" என்று பின்னாலிருந்து முழங்கினாள் அவள் நாத்தனார். "சட்டி நின்னா ஆளு நின்ன மாதிரி. தொட்டவன் கை இருக்காது!"

அதிகாரி குழாயடி அறத்தை அறியார். கதவிடைக் காலை நெடுநேரம் நோக்கி, "கால் உள்ள இருக்கிற இந்தம்மாவ மட்டும் விடு" என்று தீர்ப்பளித்தார்.

தனியளாய் நடந்தாள் தலைவி, தன்னை நம்பி நின்ற பாத்திரங்களின் ஊடே, யார் சட்டி எது என்று ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொண்டு. பொத்தானை அழுத்தினாள். பெட்டி கூவியது. திரும்பும்போது எல்லாவற்றையும் அடுக்கித் தலையில் ஏற்றி வந்து உரியவரிடம் ஒப்படைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"என்ன சைரனக்கா, என் சட்டி யாருக்குப் போட்டுச்சு?" என்றான் கம்பி கட்டுபவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சும்மாட்டைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"பள்ளத்தெரு மக்களுக்கு ஆர்வமே இல்ல. அப்புறம் என்னைக் குத்தம் சொன்னா எப்பிடி?" என்று, மாலைகளுக்கு மேலே தலை தூக்கி, வென்ற கவுன்சிலர் உலகுக்கு அறிவித்தார்.

அடுத்த வாரம் மேட்டுத்தெருச் சாக்கடைக்குப் பழைய மூடியை எடுத்துவிட்டுப் புது மூடி போட்டார்கள். அதற்குச் சைரனக்காதான் கலவை சுமந்தாள்.