நாக்கில் மீட்டர் வைத்திருந்த ஜீராக்காரர்

உலகத்தையே இனிப்பு டிகிரியில் அளந்த ஒரே மனிதர் எங்கள் ஜீராக்காரர்தான். திண்டிவனம் பக்கம் பழங்களை டின்னில் அடைக்கிற ஒரு சின்ன கம்பெனி. நான் டின்களைச் சோதித்துக் கையெழுத்து போடும் லேபில், அவர் சர்க்கரை ஜீரா காய்ச்சும் அண்டாவில். அண்டாவில் என்றால் அண்டாவுக்கு முன்னால்!

ஒரு சொட்டு நாக்கில் வைத்து "பதினெட்டு" என்பார். லேப் மீட்டரும் பதினெட்டுதான் காட்டும். கேன்டீன் டீயைக் குடித்தால், "இருவது கீது. டீ போட்டியா, ஜாங்கிரிக்குப் பாகு வெச்சியா?" என்பார். விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் கேசரியை வாயில் போட்டதும் "அம்பது!" என்று கத்தினார் பாருங்கள், சமையல்காரர் கரண்டியோடு துரத்தாத குறை.

புளிப்பு அன்னாசிக்குக் கெட்டி ஜீரா, பழுத்த மாம்பழத்துக்கு நீர்த்த ஜீரா. ஏன் என்று கேட்டுவிட்டேன். "எல்லா மாப்ளைக்கும் ஒரே அளவுல சட்டை தைப்பியாம்மா?" என்றார்.

ஒருநாள் சென்னையிலிருந்து பெரிய கடைக்காரர் ஒருவர் வந்தார். சர்க்கரை சேர்க்காத அன்னாசி வேண்டுமாம்; மாதிரி டின் பிடித்தால் வருஷம் முழுக்க ஆர்டர். பிடிக்காவிட்டால் மாம்பழ சீசன் வரை கம்பெனிக்குப் பூட்டு. சர்க்கரைச் செலவு மிச்சம் என்று மேனேஜருக்கு ஒரே குஷி.

"வெறும் தண்ணி ஊத்தி அடைங்க!"

ஜீராக்காரர் குதித்தார். "இன்னா சார் நீங்க! தண்ணியில போட்டா பழத்துல கீற இனிப்பெல்லாம் தண்ணிக்கு ஓடிப்பூடும். பழம் சக்கையாப் பூடும் சார்!"

"ஜீரா இல்லன்னா உங்களுக்கு வேலை இருக்காதுன்னு பயப்படுறீங்க" என்றார் மேனேஜர்.

மனிதர் அண்டாவுக்கே திரும்பிப் போனார். ஆனால் கை சும்மா இருக்குமா? சீவித் தள்ளிய அன்னாசித் துண்டுகளைப் பிழிந்து, அந்தச் சாற்றையே ஊற்றி, தன் பங்குக்கு நாலு டின் அடைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கடைக்காரர் வந்து தண்ணீர் டின்னைத் திறந்து ஒரு துண்டு மென்றார். முகம் சுருங்கியது. "என்னங்க, நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு?"

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. எங்கிருந்துதான் வந்தாரோ, ஜீராக்காரர் தன் டின்னோடு உள்ளே பாய்ந்தார். "இத்தத் துன்னு பாருங்க சார்! அதோட சொந்தச் சாறு. பழத்துலயும் அதே இனிப்பு, சுத்தியும் அதே இனிப்பு. யாரும் யாருகிட்டயும் புடுங்க மாட்டாங்க!"

கடைக்காரர் முழு டின்னையும் தின்று, சாற்றையும் குடித்துவிட்டு, அங்கேயே ஆர்டரை உறுதி செய்தார். ஒரே கைதட்டல்! நானும் விசிலடிக்கப் பார்த்தேன், வரவில்லை.

மறுநாளே அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். இனி எல்லாப் பழத்தையும் சாற்றில் அடைத்தால் ஜீரா எதற்கு, ஜீராக்காரர்தான் எதற்கு?

"உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சிட்டீங்களே அண்ணா" என்றேன்.

"பழம் நல்லா இருக்கணும்ல" என்றார். அவ்வளவுதான்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். "சாறும் தினம் ஒரே மாதிரி இருக்காது சார். அவர் ருசி பார்க்காத டின்னுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. ஆனால் அந்த மனுஷன் இல்லாத கம்பெனியில் எனக்கு மட்டும் என்ன வேலை?