பஞ்சலிங்கத்தார் வீட்டு டபிள் புரமோசன்

மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஐந்தாம் வகுப்புக்குத் தூக்கிவிடப்பட்ட பிறகு, பஞ்சலிங்கத்தாரின் ஒரே மகன் தியாகலிங்கம் சோறு தின்ன மறுத்தான்.

இந்த ‘டபிள் புரமோசன்’ செய்தி போய்ச் சேராத கிணற்றடி கோப்பாய் ஊரில் இல்லை. பஞ்சலிங்கத்தாரே நடந்து நடந்து கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகச் சேர்ந்த நாள்முதல் அதே கதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த மனிதர். குடும்பத்தில் யாராவது உயரத்தானே வேண்டும்.

உயர்ந்தவனோ நகத்தைக் கடித்தான். எதைக் கேட்டாலும் “ஓம்” என்றான். ஐந்தாம் வகுப்பில் மீசை அரும்பியவர்களும் இருந்தார்கள். மூத்தவர்களைப் பேர் சொல்லக்கூடாதென்று வீட்டில் வளர்த்திருந்ததால், வகுப்பு முழுவதையும் அவன் “அண்ணை” என்றான். அண்ணைமார் சொல்லைத் தட்ட முடியுமா? தண்ணீர் அள்ளிக் கொடுத்தான். எல்லோருடைய கணக்கையும் செய்தான். விளையாட்டில் பந்து பொறுக்கினான்.

“இஞ்சருங்கோ, பிள்ளை உருகிப்போறான். திருப்பி மூண்டாம் வகுப்பிலை விடச் சொல்லுங்கோ,” என்றாள் மனைவி இரத்தினம்மா.

“இறக்கிறதோ? பிறகு கச்சேரியிலை நான் எந்த முகத்தோடை இருக்கிறது?”

துணை இருந்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்து, தலைமையாசிரியர் செபநாயகத்தைப் பிடித்து, மகனின் மூன்றாம் வகுப்புக் கூட்டாளி நடராசாவையும் ஐந்துக்கு ஏற்றுவித்தார். நடராசா வகுப்பில் அழுதான். தியாகலிங்கம் இப்போது அவனுடைய கணக்கையும் செய்து, ஆறுதலும் சொல்ல வேண்டியிருந்தது.

நடராசாவின் தாய் தங்கமுத்து படலையடியில் வந்து நின்றாள். “உங்கடை மோன் கெட்டிக்காரன், அழட்டும். என்ரை பிள்ளை மொக்கன். அவன் ஏன் அழவேணும்?”

பஞ்சலிங்கத்தார் மறுபடி செபநாயகத்திடம் ஓடினார். பையன் பழையபடி சிரிக்க வேண்டும், ஆனால் ஒரு வகுப்பும் இறங்கக்கூடாது என்றார்.

தலைமையாசிரியர் வரவுப் பதிவேட்டை மூடிவைத்தார். “சரி. திங்கக்கிழமை மூண்டாம் வகுப்பு முழுக்க ஐஞ்சுக்கு ஏத்திவிடுறன்.”

கேள்விப்பட்ட மற்றத் தகப்பன்மார் விடுவார்களா? நாலாம் வகுப்பு ஆறுக்கு ஏறியது. ஐந்தாம் வகுப்பு ஏழுக்கு ஏறியது. அதுவரை ஐந்தோடு நின்ற பள்ளிக்கூடம் ஒரே நாளில் ஏழு வரை வளர்ந்தது.

திங்கட்கிழமை தியாகலிங்கம் சிரித்துக்கொண்டு வந்து, இரண்டாந்தரமும் சோறு கேட்டான். தன் மகனால் ஒரு பள்ளிக்கூடமே உயர்ந்த விதத்தைப் பஞ்சலிங்கத்தார் கச்சேரியில் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் விளக்கினார்.

நன்றி சொல்ல ஒரு கதலி வாழைக்குலையோடு பள்ளிக்கூடம் போனபோது தலைமையாசிரியர் இல்லை. பியூன் கந்தப்பு மட்டும் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

“பிள்ளையள் இருக்கிற இவ்வளவு வாங்கு மேசையையும் ஒரு நாளிலை எப்பிடிக் கந்தப்பு தூக்கி மாத்தினாய்?” என்று வியந்தார் பஞ்சலிங்கத்தார்.

கந்தப்பு கூட்டுவதை நிறுத்தாமல் சொன்னான்: “வாங்கு ஒண்டும் அசையேல்லை ஐயா, வகுப்பு வாசலிலை இலக்கத்தைத்தான் அழிச்சு மாத்தி எழுதினனான், பள்ளிக்கூடத்திலை இடம் மாறிப் பழைய மூண்டாம் வகுப்பு அறைக்கு இறங்கினது நடராசாவும் உங்கடை மோனும் மட்டுந்தான்.”